பாலத்தின் நடுவில் எடுத்த தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்.
இன்றைய தவறு: ஆற்றுநீர்ப் புட்டிகள் இரண்டின் மேலும் ‘பாலம்’ என்று மட்டும் எழுதிவிட்டேன். எந்தக் கரைப் பக்கம் என்று எழுதவில்லை. எழுதவும் முடியாது, நடுவில் நின்று எடுத்தேன். சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன்.
நாளைய வேலை: பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுத் தட்டுகள் போடுவது.
இன்னொன்று: இன்று நான் சித்தி ஆகிவிட்டேன்.

மாலை வகுப்பு ஆசிரியை போட்ட சட்டம் அது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருகிறவர்கள் தினமும் நாட்குறிப்பில் அன்று செய்த தவறு ஒன்றையும் மறுநாள் செய்ய வேண்டிய வேலை ஒன்றையும் எழுத வேண்டும். மற்றவர்கள் தவறு கிடைக்காமல் திண்டாடினார்கள். ஒருவன் ஒரு வாரம் முழுக்க ‘தவறு எதுவும் இல்லை’ என்று எழுதி, “அப்போ வேலை எதுவும் செய்யலைன்னு அர்த்தம்” என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். மேலே உள்ள குறிப்பை எழுதியவளுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு கிடைக்கும். எதை எழுதுவது என்பதுதான் பாடு.

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘மறுபடி’ என்று பேர். எதைச் செய்து முடித்தாலும் “மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்” என்பாள். அளந்ததை அளப்பாள், பூட்டியதைப் பூட்டுவாள். “மறுபடிக்குக் கல்யாணம் ஆனா மாப்பிள்ளை பாவம், தாலி கட்டினப்புறம் மறுபடி ஒரு தடவை முகத்தைப் பாத்துடறேன்னு சொல்லுவா” என்று கோழிக்காரர் சிரிப்பார். கோழிக்காரர் கோழி விற்பவர் இல்லை. ஆடு மாடு கோழிகளிடமிருந்து மாதிரி எடுத்து வருகிறவர். பண்ணைகளில் ஏறி இறங்கியே பாதி ஆயுள் போனவர்.

கூடம் பாலத்தடியில், பழைய சுங்கக் கிடங்கில் இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. நடுவில் ஓடுகிற தண்ணீருக்கு மட்டும் நாடு கிடையாது. அதனால்தான் இரு நாடுகளும் சேர்ந்து இந்தக் கூடத்தை நடத்தின. சிவப்பு மூடி போட்ட புட்டியில் மனிதர்களிடமிருந்து எடுத்தது வரும், மஞ்சள் மூடியில் விலங்குகளிடமிருந்து எடுத்தது, நீல மூடியில் ஆறும் சாக்கடையும். மூன்று மேசை, மூன்று பேர். சிவப்பு மேசை பொறுப்பாளருடையது, மஞ்சள் கோழிக்காரருடையது, நீலம் இவளுடையது. ஆள் குறைந்தால் ஒருவர் மேசையை இன்னொருவர் பார்ப்பார்.

வேலை என்னவோ எளிமையானதுதான். புட்டியில் இருக்கும் கிருமியைத் தட்டில் தடவி, அதன் மேல் பொட்டு வைத்த மாதிரி மருந்து வில்லைகளை வைத்து, சூடான பெட்டிக்குள் ஒரு நாள் விட வேண்டும். மருந்துக்குக் கிருமி பயந்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். பயம் விட்டுப்போன கிருமி வில்லையின் விளிம்பு வரை வந்து குந்திக்கொள்ளும். வட்டத்தை அளந்து எழுத வேண்டும். இரண்டு நிறத்து மூடிகளில் ஒரே மாதிரி அடங்காத கிருமி வந்தால், மூன்றாவது நிறத்தில் வரும் முன்பே, அதாவது மனிதர்களைத் தொடும் முன்பே, இரண்டு கரை ஆஸ்பத்திரிகளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் போக வேண்டும். கூடம் இருப்பதே அதற்காகத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கயிறு கட்டிய வாளியோடு பாலத்தில் நடந்துகொண்டிருந்தாள். விதிப்படி இந்தக் கரையின் முதல் தூணருகே ஒரு வாளி, அந்தக் கரையின் முதல் தூணருகே ஒரு வாளி. அக்கரைத் தூண் வரைக்கும் போகலாம், அதற்கு மேல் எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். இக்கரை வாளியைத் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் அக்கரைக்கு நடந்தாள். பாதியில் கைபேசி அடித்தது. அம்மா. அக்காவைக் கட்டிக்கொடுத்தது அக்கரையில். பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்க, வயிறு இறங்கிவிட்டது என்று அம்மா போன வாரமே ஓடியிருந்தாள்.

“பொண்ணுடி! ரெண்டு கையில அடங்கிடறா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. மூக்கு அப்படியே உன் மூக்கு.”

பின்னாலிருந்து அக்காவின் குரல், களைத்தாலும் கிண்டல் குறையாமல்: “அந்த மூக்கை மறுபடி ஒரு தடவை பாத்துட்டுத்தான் ஒத்துக்குவேன்னு சொல்லுவா, பாரு!”

பாலத்தின் நடுவிலிருந்து பார்த்தால் அக்கரை ஆஸ்பத்திரியின் தகரக் கூரை தெரியும். அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலேயே வாளியை இறக்கினாள், ஒரே வாளியிலிருந்து இரண்டு புட்டிகளையும் நிரப்பினாள், இரண்டின் மேலும் ‘பாலம்’ என்று எழுதினாள். கூடத்துக்கு வந்தபிறகுதான் உறைத்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

மறுநாள் பொறுப்பாளரிடம் சொன்னாள். “ஆறு ஆறுதானே. அடுத்த தடவை சரியா எடு” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

அந்த வாரமே நீல மூடித் தட்டில் அது முளைத்தது. ஒன்றன்பின் ஒன்றாக வில்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வட்டமே இல்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அத்தனை மருந்துகளையும் மேலே வாங்கிக்கொண்டு மொழுமொழுவென்று வளர்ந்திருந்தது. கடைசியில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் வட்டம். அதற்குக் கூடத்தில் ‘பூட்டு மருந்து’ என்று பேர். ஆஸ்பத்திரிகளில் தனி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். கண்டபடி எடுத்துக் கொடுத்தால் அதற்கும் கிருமிகள் பழகிவிடும், பிறகு கையில் எதுவும் மிஞ்சாது. அதனால் நோயாளியின் கிருமியைத் தட்டில் பார்த்து எழுதிய முடிவுக் காகிதமோ எச்சரிக்கைக் கடிதமோ இல்லாமல் சாவி திரும்பாது.

அவள் மறுபடி போட்டாள். அதேதான். மூன்றாம் தடவையும் போட்டாள்.

“போதும் தாயே, அது மனசு மாறாது” என்றார் கோழிக்காரர். பிறகு தன் மஞ்சள் மேசைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. இந்தக் கரைப் பண்ணை ஒன்றின் கோழிகளிலிருந்து எடுத்தது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “ரெண்டு நிறம் வந்துடுச்சு. கடிதம் போடணும்.”

கடிதம் போட இரண்டு கரைப் பொறுப்பாளர்களும் கையெழுத்திட வேண்டும். அக்கரைப் பொறுப்பாளர் ஓர் அம்மாள். திரையில் தெரிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடிதத்தைப் படித்துவிட்டு, “தண்ணி எடுத்த இடம்னு ஒரு வரி இருக்கே, அதுல ‘பாலம்’னு இருக்கு. பாலம்னா யார் பாலம்?” என்று கேட்டார்.

“ரெண்டு பேர் பாலமும்தான்” என்றார் இக்கரைப் பொறுப்பாளர்.

“ரெண்டு பேர்னா கடைசியில எங்க தலையிலதான் விடியும். போன தடவை ‘அக்கரை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்க மீனை ஒருத்தரும் வாங்கலை. அஞ்சு மாசம் வலை காயப்போட்டு உக்காந்திருந்தாங்க. உங்க பண்ணைக் கோழியிலதானே வந்திருக்கு? ‘இக்கரை’ன்னு எழுதுங்க, இப்பவே போடறேன்.”

“கோழியிலிருந்து தண்ணிக்குப் போச்சா, தண்ணியிலிருந்து கோழிக்கு வந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?”

இப்படியே போனது. ஆடு பகை, குட்டி உறவு என்பார்களே, அந்தக் கதை. கிருமி இருக்கிறது என்பதை இருவரும் ஒத்துக்கொண்டார்கள், அது பிறந்த வீட்டை மட்டும் இருவரும் வேண்டாம் என்றார்கள். கடைசியில், இரு கரை ஆட்களும் கூட இருந்து புதிதாகத் தண்ணீர் எடுப்பது என்று முடிவானது. அதற்கு இரண்டு பக்கமும் மேலிடத்து அனுமதி வேண்டும். அவள் மூலையில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ‘இக்கரை’, ‘அக்கரை’, இரண்டில் ஒரு வார்த்தை அன்றைக்கே எழுதியிருந்தால் இவ்வளவும் இல்லை.

அனுமதி வரும் என்று காத்திருந்த நாட்களில் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறினாள். இன்னும் பேர் வைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் ‘பொடிசு’ என்றார்கள். அம்மா தினமும் படம் அனுப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு மூக்கு. “இன்னைக்குக் கொட்டாவி விட்டா” என்று அக்கா ஏதோ பட்டம் வாங்கின மாதிரிச் சொன்னாள். “நீ எப்போடி வருவே?”

“சீட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். வந்ததும் ஓடி வந்துடறேன்.”

மாதக் கடைசியில் ஒரு காலை, அம்மா படம் அனுப்பவில்லை. மதியம் இவளே அக்காவைக் கூப்பிட்டாள். அக்காவுக்கு இவள் எப்போதும் ‘குட்டி’தான்.

“பால் இறங்க மாட்டேங்குது, குட்டி. உடம்பு சில்லுன்னு இருக்கு. ரத்தத்துல கிருமி இருக்கலாம்னு மருந்து ஏத்தறாங்க.”

“என்ன மருந்து? பேரைப் படிச்சுச் சொல்லு.”

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். நீல மூடித் தட்டில் வட்டமே விழாத வில்லைகளில் அதுவும் ஒன்று. மறுநாள் மருந்தை மாற்றினார்கள். மாற்றிய மருந்தும் அந்தத் தட்டில் தோற்றதுதான்.

‘அதே கிருமிதான் என்று என்ன நிச்சயம்?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நிச்சயம் எதுவும் இல்லை. குறைமாதக் குழந்தைக்கு ஆயிரம் கிருமி வரும். இவள் டாக்டர் இல்லை. மாலை வகுப்பில் இன்னும் முதல் வருடம்கூட முடிக்காதவள். ஆனாலும் மூன்றாம் நாள் குழந்தை அழுவதையும் நிறுத்திவிட்டாள் என்று அம்மா சொன்னபோது, “பூட்டு மருந்துன்னு ஒண்ணு இருக்கும்மா, டாக்டர்கிட்ட கேளு” என்று பேரைச் சொன்னாள்.

அரை மணியில் அம்மா திரும்பக் கூப்பிட்டாள். “கேட்டோம்டி. மனுஷன் நல்லவர்தான், கோவிச்சுக்கலை. ‘ரத்தத்துல இருக்கற கிருமி தட்டுல வளரட்டும், இல்லாட்டி எச்சரிக்கைக் காகிதம் வரட்டும், ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டேன். சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு பூட்டைத் திறந்தா நாளைக்கு அந்த மருந்தும் செத்துடும்’னார்.”

அதே வார்த்தையை இவளே சொல்லியிருக்கிறாள். அக்கா வீட்டுக்காரர் சளிக்கு மாத்திரை வாங்கித் தின்றபோது, “மிட்டாய் மாதிரி திங்காதீங்க மாமா, நாளைக்கு ஊருக்கே மருந்து இல்லாமப் போயிடும்” என்று அவர் கையிலிருந்து பிடுங்கியவள்.

பொறுப்பாளரின் மேசைக்குப் போனாள்.

“சார், அந்த எச்சரிக்கைக் கடிதம்... கையெழுத்து இல்லாமலே அனுப்பிடலாமா?”

அவர் பேனாவை வைத்தார். “ஏன்மா?”

“அக்கா குழந்தை. குடுக்கற ரெண்டு மருந்தும் நம்ம தட்டுல தோத்தது சார்.”

“அதே கிருமின்னு யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலை.”

“ரத்தம் எடுத்திருக்காங்களா?”

“எடுத்திருக்காங்க. வளர்ந்தா வெள்ளிக்கிழமை வர்ற அக்கரைப் பெட்டியில நமக்கு வரும்.”

“இன்னைக்குப் புதன்” என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மெதுவாக, “கையெழுத்து இல்லாம ஒரு தடவை அனுப்பிட்டோம்னா அவங்க பெட்டி அனுப்பறதையே நிறுத்திடுவாங்க. முன்னாடி நிறுத்தியிருக்காங்க. ஒரு வருஷம் அந்தக் கரையில என்ன முளைக்குதுன்னே தெரியாம குருடன் மாதிரி உக்காந்திருந்தோம்” என்றார். அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, தொலைபேசியை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

அக்கரை அம்மாள் முழுக்கக் கேட்டார். “நான் என்ன கல்லா? எனக்கும் பேரன் இருக்கான். ‘இக்கரை’ன்னு ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்க. எழுதின மை காயறதுக்குள்ள கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். அந்த வரியைக் காலியா விட்டு மட்டும் கேக்காதீங்க, என்னால முடியாது.”

பொறுப்பாளர் தொலைபேசியின் பேசும் வாயைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். “எடுத்தது நீ. நான் சொல்ல முடியாது. நீ நின்ன இடம் எந்தப் பக்கம்? கொஞ்சமாவது இந்தப் பக்கம் சாய்ஞ்சு இருந்துச்சா?”

மஞ்சள் மேசையில் கோழிக்காரர் எழுந்து நின்றிருந்தார். ‘இக்கரை’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியும். தண்ணீரும் இக்கரை, கோழியும் இக்கரை. கரையோரப் பண்ணைகள் அத்தனைக்கும் முத்திரை விழும், கோழிகளைக் குழி வெட்டிப் புதைப்பார்கள். அந்தப் பண்ணைக்காரர்கள் கோழிக்காரருக்குக் கதவு திறந்ததே, “உங்களை மாட்டிவிட மாட்டேன்” என்று அவர் கொடுத்த வாக்கை நம்பித்தான்.

“அண்ணே...” என்றாள் அவள்.

“நான் ஒண்ணும் சொல்லலைம்மா” என்றார் அவர். “குழந்தை விஷயம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவள் கண்ணை மூடிப் பாலத்தை நினைத்துப் பார்த்தாள். தகரக் கூரை தெரிந்தது. அம்மாவின் குரல் கேட்டது. காலுக்குக் கீழே எந்தத் தூண் என்று தெரியவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை அவள். அளவில் பொய் சொல்லத்தான் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் சந்தேகம் வந்தாலும் தட்டைத் திரும்பப் போடுகிறவள்.

“காலையில சொல்லட்டுமா சார்?” என்றாள். “மறுபடி ஒரு தடவை யோசிச்சுடறேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை வகுப்புக்கும் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் யாரும் இல்லை, வெறும் சுவரைப் பார்த்து என்ன செய்வது? வகுப்பில் கைபேசியை அணைத்துப் பைக்குள் வைக்க வேண்டும், வைத்தாள். ஆசிரியை கரும்பலகையில் என்னவோ எழுதினார். இவளும் எழுதினாள். எழுதியது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பக்கத்தில் இருந்தவள், “என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?” என்றாள். “ஒண்ணுமில்லை, பசி” என்றாள் இவள். வெளியே வந்து கைபேசியைத் திறந்தபோது அக்கா நான்கு தடவை கூப்பிட்டிருந்தாள்.

“எங்கடி போனே?” அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “நீ பேசினா கொஞ்சம் தைரியமா இருக்கும்னு கூப்பிட்டேன். மூச்சுக்குக் குழாய் வெச்சிருக்காங்க. சின்னதா ஒரு குழாய். அதுகூட அவளுக்குப் பெருசா இருக்குடி.”

“நாளைக்குக் காகிதம் வந்துடும்க்கா.”

“நிஜமா?”

“வந்துடும்.”

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான், தான் முடிவு செய்துவிட்டோம் என்பது அவளுக்கே தெரிந்தது. உடனே பொறுப்பாளரைக் கூப்பிட்டாள். கைபேசி அணைந்திருந்தது. கூடத்துக்கு நடந்தாள். கதவு பூட்டியிருந்தது. காவலாளி, “எல்லாரும் போயாச்சும்மா” என்றார்.

காலையில் பொறுப்பாளர் வருவதற்கு முன்பே வாசலில் நின்றாள். “இக்கரை சார்” என்றாள். “இக்கரை முதல் தூண் பக்கம். இப்போ நல்லா ஞாபகம் வந்துடுச்சு.” தண்ணீர் பட்ட பாடு என்பார்களே, அப்படி வந்தது பொய். பொறுப்பாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதினார். அக்கரை அம்மாள் சொன்ன சொல் தவறவில்லை, உடனே கையெழுத்திட்டார். மதியத்துக்குள் அக்கரையில் பூட்டுத் திறந்து, குழந்தைக்கு மருந்து ஏறியது.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். “கண்ணைத் திறந்தாடி! திறந்து பாத்துட்டு மூடிட்டா.” அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். இவளும் கூடத்தின் பின்கதவருகே நின்று சிரித்தாள். கோழிக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். “அப்படிப் போடு!” என்று அவர் மேசையைத் தட்டினார். அன்று காலையிலிருந்து அவருடைய கைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர்கள். ஒன்றையும் அவர் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குழந்தை போய்விட்டாள்.

சொன்னது அக்கா. “குட்டி” என்றாள். “கையில குடுத்தாங்கடி. இத்தனை நாள் கண்ணாடி வழியா பாத்தேன். இப்பத்தான் கையில குடுத்தாங்க.”

இவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நீ சொன்ன மருந்து குடுத்தாங்க” என்றாள் அக்கா. “டாக்டர் சொன்னார், உங்க தங்கச்சி கூடத்துலேருந்துதான் காகிதம் வந்துச்சுன்னு. அதனாலதான் ஒரு தடவை கண்ணைத் திறந்தா. என்னைப் பாத்தா, குட்டி. உன்னாலதான் பாத்தா.”

“அக்கா, நான்...”

“என்ன?”

“ஒண்ணுமில்லைக்கா.”

“ஒரு நாள் முன்னாடி கிடைச்சிருந்தா பிழைச்சிருப்பாளான்னு கேட்டேன். ‘தெரியாதும்மா, கிருமி எதுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்’னுட்டார். அது தெரிஞ்சு இனிமே எனக்கு என்ன?”

பிறகு அம்மா கைபேசியை வாங்கினாள். சீட்டு வந்துவிட்டதா என்று விசாரித்து இன்றே கிளம்பட்டுமா என்று இவள் கேட்டாள். “வேண்டாம்டி. மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுவாங்க. நீ வந்து பாக்க ஒண்ணும் இருக்காது” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, சொன்னது எப்படி விழுந்தது என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். “சாப்பிட்டியா?” என்றாள்.

வீட்டில் இருக்க முடியாமல் கூடத்துக்குப் போனாள். வெள்ளிக்கிழமை என்பதை மறந்து போனாள் என்று சொல்ல முடியாது. பத்து மணிக்கு அக்கரைப் பெட்டி பாலம் தாண்டி வந்தது. பொறுப்பாளர் திறந்தார். மஞ்சள் மூடிகள் சில, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்றே ஒன்று. மேலே பேர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று தெரியாமல் வாசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அக்கரை ஆஸ்பத்திரி, பிறந்த குழந்தைப் பிரிவு என்று போட்டிருந்தது. அன்று அந்த அறையில் இருந்த மூவரையும் பொறுத்தவரை அந்த எண்ணுக்கு மூக்கும் கொட்டாவியும் இருந்தன.

“நீ வீட்டுக்குப் போம்மா” என்றார் பொறுப்பாளர்.

“நான் போடறேன் சார்.”

“தெரிஞ்சவங்களோடதை நாம பாக்கக் கூடாது. விதி.”

“இங்க யாருக்கு சார் தெரியாது?”

கோழிக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார். “குடும்மா, அண்ணன் போடறேன். பக்கத்துல வேணா நில்லு.”

“வேண்டாம்ணே. உங்களுக்கு இன்னைக்கு உங்க பாடே இருக்கு.”

அன்று காலையில்தான் முதல் பண்ணைக்கு முத்திரை வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மாள் கூடத்து வாசலுக்கே வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள் என்று காவலாளி சொல்லியிருந்தார்.

“அண்ணே, அந்தத் தூண்...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“உன் கால் எங்க இருந்துச்சுன்னு நான் கேக்கலை” என்றார் அவர். “கேக்கவும் மாட்டேன். கேட்டா நீ சொல்லிடுவே.”

அவர் நகர்ந்துகொண்டார். பொறுப்பாளர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சிவப்பு மூடியைத் திறந்தாள்.

எத்தனையோ தடவை செய்த வேலை. தட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள், தட்டைத் திருப்பித் தடவினாள், இன்னும் ஒரு தடவை திருப்பித் தடவினாள். சிந்தவில்லை, விட்டுப்போகவில்லை. குழந்தையின் உடம்பில் இருந்தது இவ்வளவுதான். இவள் கை அவளுக்கு இவ்வளவு அருகில் வந்தது இதுதான் முதல் தடவை, இதுதான் கடைசியும். வில்லைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். தோற்ற மருந்துகளை முதலில், பூட்டு மருந்தைக் கடைசியில். மூடி, எண் எழுதி, எழுதியதைச் சரிபார்த்து, சூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டிக் கதவில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். கண்ணாடிக் கதவு. உள்ளே வெதுவெதுப்பு.

அதே கிருமியாக இருந்தால், பாலத்தில் அவள் விட்ட ஒரு வார்த்தைக்கும் கூடத்தில் அவள் கேட்ட ஒரு ராத்திரிக்கும் பதில் அந்தத் தட்டில் இருக்கும். வேறு கிருமியாக இருந்தால், ஒன்றுக்கும் உதவாத ஒரு பொய்க்காகக் கரையோரக் கோழிகள் குழிக்குப் போகும், குழந்தை எப்படியும் போயிருப்பாள். இரண்டில் எது வந்தால் தாங்க முடியும் என்று யோசித்துப் பார்த்தாள். யோசித்துக்கொண்டே அழுதாள். கோழிக்காரர் வந்து ஒரு தம்ளர் தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அக்காவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது, எழுத்து ஏதும் இல்லாமல். அவள் மடியில் துண்டு, துண்டுக்குள் மூக்கு. நடுவில் கண்ணாடி இல்லை. உண்மையிலேயே இவள் மூக்குத்தான்.

நாட்குறிப்பில் தேதியைப் போட்டாள். ‘இன்றைய தவறு’ என்று எழுதி நிறுத்தினாள். அக்கா ‘உன்னாலதான் பாத்தா’ என்றபோது வாயை மூடிக்கொண்டதை எழுதலாமா என்று பார்த்தாள். அது தவறா, இல்லையா? எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதவில்லை. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

நாளைய வேலை: காலை எட்டரை மணிக்கு சிவப்பு மூடித் தட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு வட்டத்தையும் அளந்து எழுதுவது.